ஞாயிறு மட்டும் இலவசம்

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

நான் சமைக்கும் பள்ளிக்கூடத்தில் இன்று மீனும் மசித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும். பிள்ளைகள் மீனைத் தின்றுவிட்டுப் பட்டாணியை எனக்கே திருப்பி அனுப்பினார்கள். கை கழுவி வீட்டுக்கு வந்தால் மின்சாரக் கம்பெனியின் கடிதம் காத்திருக்கிறது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து விலை "மாற்றியமைக்கப்படுகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். ஏறுகிறது என்று எழுதினால் கை சுட்டுவிடுமா?

மர்டோ அண்ணன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு மடித்து வேதாகமத்துக்கு அடியில் வைத்தான். "பாத்துக்கலாம்" என்றான். புயல் வந்தாலும் அதுதான், ஆடு தொலைந்தாலும் அதுதான், பில் வந்தாலும் அதுதான்.

10 செப்டம்பர், செவ்வாய்

அண்ணன் அறையில் படுக்கை விரிப்பு மாற்றப் போனேன். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஹீட்டர் மேல் தற்செயலாகக் கை பட்டது. கல் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. சுவரில் சுவிட்சைப் பார்த்தால் அணைத்து வைத்திருக்கிறான்! கடிதம் வந்த நாளிலிருந்தே அணைத்திருக்கிறான் போல.

கேட்டால், "எனக்கு அந்தச் சூடு ஒத்துக்கல எஃபி."

ஒத்துக்கலையாம். போன பிப்ரவரியில மூச்சு விட முடியாம ஆம்புலன்ஸ்ல ஸ்டோர்னோவே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனது யாரு, நானா? நிமோனியா வந்த நெஞ்சு, இன்னொரு குளிரைத் தாங்காது, அறை எப்போதும் கதகதப்பாக இருக்கணும்னு டாக்டர் சொன்னப்ப ஆடு மாதிரித் தலையாட்டினது யாரு? என் முகத்துக்கு நேராகக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. சபையில் மூப்பர், பொய் சொல்ல மாட்டான். அதனால் இப்படிச் சுற்றிவளைத்து ஒன்று சொல்கிறான். சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன். சாயந்திரம் போய்ப் பார்த்தேன், மறுபடி அணைந்திருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எழுதினால் பாதகமில்லை. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. ஒருத்தர் போனால் மற்றவர் யாரோடு சண்டை போடுவது?

14 செப்டம்பர், சனி

வழக்கமான சனிக்கிழமை. நாளைக்கான உருளைக்கிழங்கை இன்றே சீவித் தண்ணீரில் போட்டாயிற்று. சூப் கொதித்து இறங்கிவிட்டது. ஷூக்களுக்குப் பாலிஷ். அண்ணனுடைய சவரம். ஓய்வுநாளில் இதெல்லாம் கிடையாது. இந்த நோட்டைக்கூட நான் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை, அண்ணன் கண்ணில் பட்டுவிடும் என்பதால் மட்டுமல்ல. எனக்கே மனசு வராது.

துணியைக் கொடியிலிருந்து எடுக்கும்போது அடுத்த வீட்டு டோலினா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "மழை வரப்போறது உனக்கு இப்பத்தான் தெரிஞ்சதாக்கும்?" என்றாள். துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவளுடைய கிடா என் முட்டைக்கோஸ் பாத்தியை மேய்ந்தபோது, வருத்தம் தெரிவிப்பாள் என்று பார்த்தால், "அந்தக் கோஸைத் தின்னு கிடாவுக்கு வயிறு கெட்டுப்போச்சு" என்று ஊரெல்லாம் சொன்னவள். அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசல்படி மிதித்ததில்லை. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் டோலினா வாய்வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேரும். அவள் வீட்டில் என்ன நடக்கிறதென்று மட்டும் யாருக்கும் தெரியாது. சொல்வதற்கு வேறு ஆள் இல்லையே.

17 செப்டம்பர், செவ்வாய்

கிளாஸ்கோவிலிருந்து ஷோனா போன் செய்தாள், செத்துப்போன எங்கள் அக்காவின் மகள். அண்ணன் செய்கிற கூத்தைச் சொன்னேன். "சித்தி, இன்னுமா அந்தப் பழைய கம்பெனிலயே இருக்கீங்க? கம்ப்யூட்டர்ல எல்லாக் கம்பெனி விலையும் வரிசையா வரும். கம்மியானதுக்கு மாறிடுங்க. அப்புறம் மாமாவால சாக்குச் சொல்ல முடியாது" என்றாள்.

இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா காலத்திலிருந்து இருக்கும் கம்பெனி. கம்பெனியை மாற்றுவது எனக்குச் சபையை மாற்றுவது மாதிரி.

21 செப்டம்பர், சனி

கம்ப்யூட்டர் என்னிடம் கேட்ட கேள்விகளைப் பெற்ற தாய்கூடக் கேட்டதில்லை. எத்தனை படுக்கையறை, எந்த வருஷம் கட்டின வீடு, சுவர் எதனால் ஆனது, எத்தனை தடவை துணி துவைப்பீர்கள், நீச்சல் குளம் உண்டா. இந்தத் தீவில் வாசலில் நின்றாலே நீச்சல்தான்.

கடைசியில் பதில் வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று பளிச்சென்று இருந்தது. 'வார இறுதித் தோழன்' என்று பெயர். மற்ற நாட்களில் விலை ஒரு பிசிறு கூடுதல். ஆனால் வார இறுதியில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் முழுக்க இலவசம். இலவசம்! சனிக்கிழமைதானே என் வேலையெல்லாம்! துவைப்பது, சுடுவது, சூப் வைப்பது, அண்ணன் அறை ஹீட்டரை முழுசாகச் சூடேற்றுவது. அந்த ஹீட்டர் உள்ளே செங்கல் அடுக்கிய பழைய ராட்சசன், ஒரு நாள் சூடேறினால் மறுநாள் முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும்.

உட்கார்ந்த இடத்திலேயே மாறிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு துணிச்சல்.

5 அக்டோபர், சனி

என்ன ஒரு நாள்! காலை ஒன்பது அடித்ததும் வீட்டில் இருக்கிற அத்தனை சுவிட்சையும் போட்டேன். துணி மூன்று தடவை ஓடியது. திரைச்சீலைகூடத் துவைத்தேன். ஸ்கோன் ரொட்டி இரண்டு தட்டு, ஓட்கேக் பிஸ்கட் ஒரு டின் நிறைய, ஆட்டுக்கறி சூப். அண்ணன் அறை ஹீட்டர் கைவைக்க முடியாத சூடு. "இது எல்லாம் சும்மா வர்றது, அணைச்சே, கையை உடைப்பேன்" என்று சொல்லிவைத்தேன். அவனும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான். மர்டோ வாயிலிருந்து அது பெரிய புகழ்ச்சி.

8 அக்டோபர், செவ்வாய்

நான் ஒரு முட்டாள்.

போனில் கம்பெனிக் கணக்கைப் பார்த்தேன். வரைபடத்தில் சனிக்கிழமைக்கு நேராக ஒரு கம்பம் நிற்கிறது, எங்கள் கோயில் கோபுரம் உயரத்துக்கு. அத்தனைக்கும் முழு விலை. தப்பாக இருக்கும் என்று கம்பெனிக்குப் போன் செய்தேன். பாட்டு கேட்டுக் கேட்டுக் காது மரத்த பிறகு ஒரு பையன் எடுத்தான். நல்ல பையன், குரலில் பொறுமை.

"வார இறுதின்னா ஞாயித்துக்கிழமைங்க மேடம். திட்டத்துலயே போட்டிருக்கு."

"ஞாயித்துக்கிழமை கரண்ட்டை வச்சு என்னப்பா பண்றது?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "துணி துவைக்கலாம் மேடம்" என்றான். ஐயோ பாவம். ஓய்வுநாளில் எங்கள் ஊர்க் கொடியில் ஒரு கைக்குட்டை தொங்கினால்கூட அடுத்த வாரம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். திட்டத்தில் ஞாயிறு என்று போட்டிருந்ததாம். நான் பார்த்தேனா? வார இறுதி என்றதும் என் தலைக்குள் சனிதான் வந்தது. ஞாயிறு ஒரு கிழமை என்ற கணக்கே எனக்கில்லை. இந்த ஊர்க்காரியைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள்.

பழைய இடத்துக்கே திரும்பலாம் என்று பார்த்தால் அங்கே இப்போது புது விலை. மற்றதெல்லாம் அதைவிட மேலே. புத்தாண்டு கழியட்டும், அதுவரை அசையாமல் இருங்கள் என்கிறாள் ஷோனா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள், எனக்குத் தெரியாதா?

9 அக்டோபர், புதன்

அண்ணனிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. ரொம்ப நேரம் யோசித்தான், அது அதைவிட மோசம்.

14 அக்டோபர், திங்கள்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். காலை ஒன்பது அடிக்கும்போது மர்டோ எழுந்து போய்த் தன் அறை ஹீட்டரை அணைத்தான். கூடத்து ஹீட்டரையும் அணைத்தான். ஐந்து மணிக்குத் திரும்பப் போட்டான். நடுவில் பகல் ஆராதனைக்குப் போய்வந்து, கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து வேதம் வாசித்தான். முழு விலைக்குப் பயந்து சனிக்கிழமை ஹீட்டரைக் குறைத்தே வைத்திருந்ததால் செங்கலிலும் சூடு மிச்சமில்லை, மூச்சு விட்டால் புகை தெரிந்தது.

நான் சும்மா இருப்பேனா? போன ஞாயிறுவரை கூடத்து ஹீட்டர் ஓடிக்கொண்டுதானே இருந்தது, அதற்கு முந்தின ஞாயிறும் ஓடியதே, அப்போதெல்லாம் பாவமில்லையா என்று கேட்டேன்.

"அப்போ அது தேவை. காசு குடுத்து எரிச்சோம்."

"காசு குடுத்தாத் தேவை, சும்மா வந்தாப் பாவமா?"

"சும்மா வருதுன்னு அந்த நாளைப் பாத்துப் போட்டா அது வியாபாரம் எஃபி. கர்த்தருடைய நாள்ல நான் லாபம் பாக்க மாட்டேன்."

எவ்வளவு வாதாடியும் அசையவில்லை. அவன் சொல்வதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது, எனக்குத்தான் கை வைத்துக் காட்டத் தெரியவில்லை. போதகரிடம் கேட்கலாம் என்றேன். போதகர் சின்ன வயசு, அவருக்கு நெஞ்சு நல்லா இருக்கு, அவர் எதுன்னாலும் சரின்னுதான் சொல்வார் என்றான். ஞாயிறு இலவசக் கரண்டை வாங்கிவைத்துக்கொண்டு, வாரத்தில் ஞாயிறு மட்டும் குளிரில் விறைக்கும் வீடு உலகத்திலேயே எங்களுடையதுதான்.

இன்று காலை இருமினான். வறட்டு இருமல்.

15 அக்டோபர், செவ்வாய்

இருமல்.

22 அக்டோபர், செவ்வாய்

கடை வேன் வந்தது. டோலினாவுக்குப் பின்னால் நின்றேன். அண்ணனுக்கு இருமல் மருந்து வாங்குவதைப் பார்த்துவிட்டு, "மூப்பருக்கு மறுபடியும் நெஞ்சா?" என்றாள். கேட்ட தொனி என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, கிடாவையும் கோஸையும் மறந்து முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். வார இறுதித் தோழன், ஒன்பதிலிருந்து ஐந்து, கோட்டோடு வேதவாசிப்பு, எல்லாம். கொட்டக் கொட்ட அழுகை வந்துவிட்டது, அதுவும் வேன்காரன் எதிரில்.

டோலினா ஒரு பிளாக் புடிங் சாசேஜை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சனிக்கிழமைன்னு நெனச்சியா நீ?" என்றாள். அவ்வளவுதான். காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நாளைக்கு ஊர் முழுக்க என் கதைதான். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

26 அக்டோபர், சனி

ஆச்சரியம். யாரும் ஒன்றும் பேசவில்லை. டோலினாவுக்கு உடம்பு சரியில்லையா?

28 அக்டோபர், திங்கள்

நேற்று ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடாக்கிக் குடித்து முடிக்கிற நேரம், கதவு தட்டுகிற சத்தம். டோலினா. சபைக்குப் போட்டுப் போன அதே கோட், அதே தொப்பி, கையுறை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"ஓய்வுநாள்ல ரெண்டு சங்கீதம் சேர்ந்து வாசிக்கலாம்னு வந்தேன் மூப்பரே. ஆள் வேண்டாம்னா போயிடறேன்."

சங்கீதம் வாசிக்க வந்தவளை எந்த மூப்பர் போகச் சொல்வார்? உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கையுறையும் அப்படியே. கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். தொண்ணூறாம் சங்கீதம் பாதி வருவதற்குள் மர்டோவால் பொறுக்க முடியவில்லை.

"வீட்ல ரொம்பக் குளிரா டோலினா?"

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "தனி ஆளுக்கு ஒரு வீடு முழுக்கச் சூடாக்கறதுன்னா, மூப்பரே, இந்த விலைக்கு..." என்று சொல்லி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணோரம் கொஞ்சம் ஈரம்கூட இருந்தது.

மர்டோ எழுந்தான். போய்க் கூடத்து ஹீட்டரைப் போட்டான். போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல், "இது இரக்கத்தின் கிரியை. ஓய்வுநாள்ல அதுக்குத் தடையில்லை" என்றான். நான் கெட்டிலை வைக்கப் போனேன். சமையலறையில் நின்று முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஐந்து அடித்ததும் டோலினா கிளம்பிவிட்டாள். பாவம், அவள் வீடு அவ்வளவு குளிர் என்று எனக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்திருக்கிறேனா? கிடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4 நவம்பர், திங்கள்

நேற்றும் வந்தாள். இந்தத் தடவை நாற்காலியை அண்ணன் அறைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்து முழங்காலைப் பிடித்தாள்.

"அந்த ரூம்லேர்ந்து வர்ற காத்து நேரா என் முட்டில வந்து உக்காருது மூப்பரே."

கதவைச் சாத்துகிறேன் என்றேன் நான். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், வாயை மூடிக்கொண்டேன். கதவைச் சாத்தினால் தனக்கு மூச்சு முட்டுமாம். மர்டோ எழுந்து போய்த் தன் அறை ஹீட்டரைப் போட்டான். அவன் அறைக்காக அல்ல, டோலினாவின் முழங்காலுக்காக.

இன்று திங்கள் சாயந்திரம். அந்த அறையில் இன்னும் சூடு இருக்கிறது.

11 நவம்பர், திங்கள்

நேற்றும் முழங்கால். நேற்றும் சூடு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணன் தூங்கிப்போனான். டோலினா தன்பாட்டுக்குச் சத்தமில்லாமல் சங்கீதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

19 நவம்பர், செவ்வாய்

இருமல் மருந்து பாட்டில் பாதியில் நிற்கிறது. ஒரு வாரமாக யாரும் தொடவில்லை. இதை எழுதும்போதே கண் கலங்குகிறது, வயசாகிவிட்டது எனக்கு.

2 டிசம்பர், திங்கள்

நேற்று டோலினாவோடு கடைசி வீட்டு இரட்டைச் சகோதரிகளும் வந்தார்கள். அவர்கள் வீட்டில் நிஜமாகவே பனிக்கட்டி உறையும், அது ஊருக்கே தெரியும். ஐந்து பேர், ஒரு கூடம், எல்லா ஹீட்டரும் எரிகிறது. மர்டோ சங்கீதத்தை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். அண்ணன் குரல் போன குளிர்காலத்தில் பாதி போய்விட்டது என்று நினைத்திருந்தேன். நேற்று சுவர் அதிர்ந்தது. சனிக்கிழமையே சுட்டு வைத்த ஸ்கோனில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பில்லும் வந்தது. மூன்று வருஷத்தில் இவ்வளவு குறைவாக வந்ததில்லை. ஷோனாவிடம் சொன்னேன். "நாந்தான் சொன்னேனே சித்தி, நல்ல திட்டம்னு" என்றாள். இவள் எப்போது சொன்னாள்?

14 டிசம்பர், சனி

அண்ணன் சவரத்துக்கு இன்று அரைமணி நேரம் எடுத்துக்கொண்டான். ஆராதனைக்குப் போவதற்குக்கூட இப்படிச் செய்ததில்லை. காதோரத்தை இரண்டு தடவை பார்த்தான். என்ன விசேஷம் என்று கேட்டேன். பிளேடு மழுங்கிவிட்டதாம்.

9 ஜனவரி 2025, வியாழன்

இன்று ஒரு விஷயம் நடந்தது. எழுதாமல் இருக்க முடியாது.

டோலினா ஞாயிறன்று கையுறையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடுத்துவிடலாம் என்று போனேன். கூடவே ஒரு சட்டி சூப்பும் எடுத்துப் போனேன், குளிரில் இருப்பவளாயிற்றே. கோஸ் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வாசல்படி.

கதவைத் திறந்தாள். திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. ரொட்டி அடுப்பைத் திறந்த மாதிரி. டோலினா அரைக்கைச் சட்டையில் நிற்கிறாள், ஜனவரி மாதத்தில், வெறுங்காலோடு. உள்ளே ஜன்னல் ஓரத்தில் தக்காளிச் செடி காய்த்திருக்கிறது.

கடல் பக்கம் பின்சுவரில் விசிறி வைத்த பெரிய பெட்டி ஒன்று ஓடுகிறதாம். வெளிக்காற்றிலிருந்தே சூட்டை எடுத்து வீட்டுக்குள் அனுப்புமாம். போன கோடையில் நாங்கள் ஷோனா வீட்டில் இருந்த வாரம், கவுன்சிலிலிருந்து ஆட்கள் வந்து சுவருக்குள் பஞ்சடைத்து, அதையும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஊருக்குச் சொல்லவும் டோலினாவை விட்டால் ஆள் கிடையாது.

சட்டியை ஏந்திக்கொண்டு நின்றேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை... அந்தக் கோட்டு... அந்த முட்டி..."

"ஏண்டி, உள்ள வா, சூடெல்லாம் வெளிய போகுது" என்றாள்.

"மூப்பர்கிட்ட பொய் சொன்னியா டோலினா? ஓய்வுநாள்லயா?"

அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் எங்கடி பொய் சொன்னேன்? குளிருதுன்னு ஒரு தடவையாவது சொன்னேனா? தனி ஆளுக்கு ஒரு வீடு முழுக்கச் சூடாக்கறதுன்னான்னு ஆரம்பிச்சேன். வாக்கியத்தை முடிக்கல, அவ்வளவுதான். முடிச்சது உன் அண்ணன்."

சூப்பை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, உப்புக் குறைவு என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். "சட்டி கொட்டிடும், தள்ளு" என்று என்னைத் தள்ளிவிட்டாள், ஆனால் உடனே தள்ளவில்லை.

அண்ணனிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறே சுவிட்சுகள் எல்லாம் அணைந்துவிடும்.

27 ஜனவரி, திங்கள்

நேற்று ஏழு பேர். டோலினாவின் முழங்கால் வலி நீடிக்கிறது. நானும் ரொம்ப அக்கறையாக விசாரித்தேன். டோலினா முறைத்தாள்.

27 பிப்ரவரி, வியாழன்

அடுத்த மாதம் திருவிருந்து வாரம். அதற்கு முன்னால் மூப்பர்கள் ஒவ்வொரு வீடாகப் போய் ஜெபித்து வருவது வழக்கம். எங்கள் தெரு மர்டோவின் பொறுப்பு. மதியம் கிளம்பினான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நெடுநேரம் கழித்துத்தான் திரும்பினான். வெளியே தரையெல்லாம் பனி வெள்ளையாக இருக்கிறது, இவன் கோட்டையும் மஃப்ளரையும் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வருகிறான்! முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. "நெஞ்சை வச்சுக்கிட்டு இப்படியா வருவே, அறிவிருக்கா?" என்று கத்தினேன். கொஞ்ச தூரம்தானே என்றான். கடைசியாக எந்த வீட்டுக்குப் போனாய் என்று கேட்டேன். வரிசைப்படிதான் போனேன் என்றான்.

உட்கார வைத்துச் சூப் கொடுத்தேன். வேண்டாம், தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டேன் என்றான்.

4 மார்ச், செவ்வாய்

புது விலைப் பட்டியல் வந்திருக்கிறது. ஷோனா சொன்னபடி மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. ஒன்று கிடைத்தது. வாரத்தில் ஏழு நாளும் ஒரே விலை. எல்லா நாளையும் சேர்த்துப் பார்த்தால் இப்போது இருப்பதைவிடக் குறைவுதான். ஞாயிறு தொல்லை இல்லை, மனசாட்சித் தொல்லை இல்லை. அண்ணன் வருஷம் முழுக்க நிம்மதியாகச் சுவிட்சைப் போடலாம். இதைத்தானே செப்டம்பரில் தேடினேன்?

சந்தோஷமாக அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்தில் வந்து நின்று படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான்.

"ஞாயித்துக்கிழமை?"

"எல்லா நாளும் ஒண்ணுதான். இனிமே உனக்கு லாபப் பிரச்சினையே இல்லை."

அவன் ஜன்னல் பக்கம் போனான். வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றான். இருமவில்லை. இந்தக் குளிர்காலத்தில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு தடவைகூட இருமவில்லை. நேராக, நிமிர்ந்து, நல்ல நிறமாக நிற்கிறான் என் அண்ணன்.

"அப்போ டோலினா?" என்றான்.

"டோலினாவுக்கு என்ன?"

"பாவம், ஞாயித்துக்கிழமை முழுக்க அவ மட்டும் தனியா, அந்த வீட்ல..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. தக்காளி காய்க்கும் அந்த வீட்டில் போன வியாழன் மதியம் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவன் இவன். நானும் முடிக்கச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு, இந்த வாரம் ஸ்கோன் எத்தனை தட்டு சுட வேண்டியிருக்கும் என்று கேட்டேன்.